இடத்துக்கொரு பின்னல்

ஆற அமரப் பின்னுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நெய்வேலியில் எந்த பிளாக்கில் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார். தோளில் பூப்போட்ட துணிப்பை. பையின் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு நீள ஊசிகள். உள்ளே ஒன்றோடொன்று சம்பந்தம் பேசிச் சிக்கிக் கிடக்கும் பல நிறத்து உல்லன் உருண்டைகள். முகத்தில், உலகமே பற்றி எரிந்தாலும் இந்த வரிசை முடிந்த பிறகுதான் எழுந்திருப்பேன் என்கிற சாந்தம். இத்தனையும் ஓரிடத்தில் கண்டால் சந்தேகமே வேண்டாம். அதுதான்.

தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் ஊரில் உல்லன் எதற்கு என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான். சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்தில் வந்த வெளிநாட்டு என்ஜினியர் ஒருவரின் மனைவி, பொழுது போகாமல் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் ஊரில் பனி பெய்யும். இங்கே வெயில் பெய்கிறது. அதற்காகக் கற்ற வித்தையை விட்டுவிட முடியுமா?

ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது கூலிக்குப் பின்னுகிறவர்களின் புத்தி என்பது இந்த இனத்தாரின் எண்ணம். இவர்கள் ஒன்றை ஆரம்பிப்பார்கள், அது முழங்கை அளவு வளர்ந்ததும் இன்னொன்றை ஆரம்பிப்பார்கள், இரண்டும் போரடிக்கும்போது ஆறுதலுக்கு மூன்றாவதை ஆரம்பிப்பார்கள். "எப்போ முடியும்?" என்று கேட்டால் கோபிக்க மாட்டார்கள். "எடுத்தா ஒரே மூச்சுதான்" என்பார்கள். எடுக்க வேண்டுமே! அப்படியே எடுத்து முடித்துவிட்டாலும் என்ன லாபம்? முடிந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளத்தான் முடியும். முடியாத ஸ்வெட்டரைப் பற்றித்தானே ஆயுள் முழுக்கப் பேச முடியும்?

இந்த இனத்துக்கு ஒரு மகாராணி உண்டென்றால் அவர் இசக்கியம்மாள்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் நல்லசாமி சுரங்கத்தில் போர்மேன். இசக்கியம்மாளிடம் ஒரே சமயத்தில் எத்தனை வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை அவரே சரியாகச் சொல்ல மாட்டார். ஆனால் எந்த வேலை எந்த இடத்துக்கு உரியது என்பதில் மட்டும் அணுவளவும் பிசகமாட்டார். கடலூருக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ பஸ் ஏறினால் ஒரு ரோஸ் நிறக் கவுன் வெளியே வரும். தங்கைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று ஆரம்பித்த கவுன் அது. அந்தக் குழந்தை சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, கவுன் இன்னும் இடுப்புக்கு வந்து சேரவில்லை. மகளிர் மன்றக் கூட்டம் என்றால் குரோஷா மேசை விரிப்பு. தலைவி பேசப் பேச அது வளரும். தலைவி நிறையப் பேசுகிறவர் என்பதால் விரிப்பு மேசையைத் தாண்டித் தரையைத் தொட்டுவிட்டது, ஆனாலும் ஓரம் கட்டி முடித்தபாடில்லை. வீட்டில் ரேடியோ நாடகம் கேட்கும்போது ரேடியோவுக்கு உறை. உறை முடிவதற்குள் அந்த ரேடியோ வாய் மூடி, அதைவிடப் பெரிய ரேடியோ வந்துவிட்டதால், சுற்றிலும் சேர்த்துப் பின்ன வேண்டியதாயிற்று. டிஸ்பென்சரிக்கு என்று நல்லசாமியின் மப்ளர் ஒன்று இருந்தது. அதைப் பூச்சி அரித்துவிட்டது. ஆகவே டிஸ்பென்சரி மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்தில்தான் குஞ்சிதபாதம் போய் மாட்டிக்கொண்டான்.

குஞ்சிதபாதம் யார் என்று அவன் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைப் பெயிண்டில் பெயர், பெயருக்குப் பின்னால் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பி.எஸ்ஸி. கம்மாபுரத்துக்கு அந்தப்புறம் உள்ள ஒரு தெருவில், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் வீட்டில், முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். சுரங்கத்தில் டிரெய்னியாகச் சேர்ந்து, நல்லசாமியின் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து அறையில் தங்கியிருந்தான். தை மாதம் அவனையும் இன்னும் சிலரையும் பயிற்சிக்காக வடக்கே தன்பாத் சுரங்கத்துக்கு அனுப்புவதாக ஐப்பசியிலேயே பேச்சு வந்தது. போய்த் திரும்பினால் பெர்மனென்ட். போகாவிட்டால் டிரெய்னியாகவே நரைக்க வேண்டியதுதான்.

"தன்பாத்தா?" என்றார் இசக்கியம்மாள். "அங்ஙன குளிரு எலும்பைப் போயி ஊதுமாமே! நீ ஒண்ணும் வாங்கிறாதே தம்பி. நான் பின்னித் தாரேன். கடை ஸ்வெட்டர்ல எல்லாம் காத்து பூந்து வெளிய வந்துரும்."

போர்மேன் வீட்டு அம்மாள் சொல்லும்போது வேண்டாம் என்று எந்த டிரெய்னி சொல்வான்? தவிர, அவனுக்கும் உள்ளூர ஆசை. அவன் தெருவில் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தவன்கூட யாரும் கிடையாது. நீல நிற உல்லனை அவனே வாங்கி வந்து கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அம்மா பெயர் சாமியம்மாள். அவளிடம் சொன்னால் தண்டோரா போட்டது மாதிரி. சாயங்காலத்துக்குள் நடவு முடிந்து கரையேறிய பெண்கள் எல்லோரும் குஞ்சிதபாதத்தின் மார்பளவை விசாரித்துவிட்டார்கள்.

கார்த்திகையும் வந்தது. நீல உல்லன் உருண்டை இளைத்ததாகத் தெரியவில்லை. குஞ்சிதபாதம் மெல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, ஸ்வெட்டரு எந்த மட்டுல இருக்குதுங்க?"

"ஆரம்பிச்சாச்சே! அடிப்பட்டி ரெண்டு விரல்கடை ஆயிருக்கு. போன மாசம் அவுகளுக்குக் காதுவலின்னு டிஸ்பென்சரி போனோம்லா, அப்பப் போட்டது."

"அப்புறம் போடலீங்களா?"

"அப்புறம் யாருக்கும் ஒண்ணும் வரலியே தம்பி" என்றார் இசக்கியம்மாள், வருத்தத்தோடு.

அப்போதுதான் குஞ்சிதபாதத்துக்கு விஷயம் விளங்கியது. அவனுடைய ஸ்வெட்டர் டிஸ்பென்சரி ஸ்வெட்டர். யாருக்காவது நோய் வந்தால்தான் அது வளரும். இரும்பால் அடித்த உடம்பு நல்லசாமிக்கு. அந்தக் காதுவலி வந்ததே அதிசயம். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தாலும் தும்மல்கூடப் போடாதவர். அம்மாளோ அவரைவிடத் திடம்.

"இப்போ ரேடியோ கேக்கும்போது அதையே எடுத்துப் பின்னலாமேங்க?"

இசக்கியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காப்பியைச் சோத்துத் தட்டுல ஊத்திக் குடிப்பியா தம்பி?"

"மாட்டேங்க."

"அப்புறம்?"

பட்டப்படிப்பில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி, பையன் முகம் வாடிவிட்டதே என்று இரக்கப்பட்டு ஒருநாள் ரேடியோ முன்னால் அந்த நீலத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். கண்ணி நழுவியது. எடுத்துப் போட்டால் இன்னொரு கண்ணி நழுவியது. கடைசியில் அடிப்பட்டி உட்பட எல்லாவற்றையும் அவிழ்த்து உருண்டையாக்கிவிட்டு, "பாத்தியா? நான் சொன்னா கேக்கியா?" என்றார். குஞ்சிதபாதம் அதற்குப் பிறகு ஆலோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டான். நல்லசாமியின் உடல்நலத்தைக் கவனிக்க ஆரம்பித்தான். மழையில் நனைந்து வந்தால் நம்பிக்கையோடு பார்ப்பான். தலையைத் துவட்டிக்கொண்டு அவர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படுத்தால், ஆஹா என்று இருக்கும். விடிந்தால் மனிதர் பாட்டுப் பாடிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புவார்.

கடைசியில் கைகொடுத்தது கேண்டீன் போண்டாதான். ஒருநாள் நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குஞ்சிதபாதம் டிஸ்பென்சரிக்குக் கிளம்பினான். "ஒத்தையில போவாதே, துணைக்கு வாரேன்" என்று பையை மாட்டிக்கொண்டு இசக்கியம்மாளும் கிளம்பினார். பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், விரல்களுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. அவன் முறை வருவதற்குள் ஸ்வெட்டரின் முதுகு ஒரு சாண் ஏறிவிட்டது. அந்தக் காட்சியைக் கண்ட குஞ்சிதபாதத்தின் வயிற்று வலி அந்த இடத்திலேயே பறந்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது.

அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்து முதுகுவலி. பிறகு தலையும் முதுகும் சேர்ந்து. படித்த பிள்ளை அல்லவா, நோய்களை ஒழுங்காக வகைப்படுத்தி, மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தான். ஒரே ஒரு இடைஞ்சல். டாக்டர் சோமசுந்தரம் புதிதாக வந்தவர், சுறுசுறுப்பானவர். ஒரு வரிசை பின்னி முடிப்பதற்குள் இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிடுவார். டாக்டர்கள் சோம்பேறிகள் என்று ஜனங்கள் ஏன்தான் புகார் சொல்கிறார்களோ! குஞ்சிதபாதம் அதற்கும் வழி கண்டான். பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் இடம் விட்டுக்கொடுத்தான். "நீங்க போங்கம்மா, கையில கொழந்த இருக்குது." "நீங்க போங்க பெரியவரே, எனக்கு அவசரமில்லீங்க." இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று பிளாக் முழுவதும் பேச்சாகிவிட்டது. பெண் வைத்திருந்த இரண்டு வீட்டார் விசாரிக்கவும் செய்தார்கள். ஆனால் பையன் நோயாளி போலிருக்கிறதே என்று பின்வாங்கிவிட்டார்கள்.

டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை எல்லாம் குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்த முருங்கைக்குப் போயிற்று. முருங்கைக்கு எந்தக் குறையும் இல்லை. வலிகள் அடங்காததைக் கண்ட டாக்டர் ஊசிக்கு மாறினார். அது முருங்கைக்குக் கொடுக்கக்கூடிய சமாசாரம் அல்ல. குஞ்சிதபாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். உள்ளே அவனுக்கு ஓர் ஊசி ஏறினால் வெளியே பெஞ்சில் இரண்டு ஊசி ஓடுகிறதல்லவா?

மார்கழி நடுவில் சாமியம்மாள் மகனைப் பார்க்க வந்தாள். வந்தவள் அவனைக் கேட்கவில்லை, ஸ்வெட்டரைத்தான் கேட்டாள்.

"இன்னாடா, ஆச்சா?"

"முதுகு ஆயிட்டுதும்மா. முன்பக்கம் பாதி."

"பாதி மாரை மூடிக்கினு ரயிலேறுவியா? இன்னா இந்தம்மா இப்டிப் பின்னிக்கினு கெடக்குது! ஒரு வயல நட்டு முடிச்சிட்டு அடுத்த வயல்ல எறங்குன்னு யாரும் சொல்லித் தரலியா?"

"மெதுவாப் பேசும்மா. காதுல வுழுந்துடப் போவுது."

"வுழட்டும். உனுக்கு ஏன்டா மூஞ்சி இப்டி வாடிப் போச்சி? இடுப்பைப் புடிச்சிக்கினு நடக்கிற?"

"ஊசி போட்டாங்கம்மா."

"இன்னா சீக்கு?"

"ஒரு சீக்கும் இல்லம்மா."

சாமியம்மாள் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். படிக்க வைத்தால் பிள்ளைகளுக்கு எதெதெல்லாமோ வரும் என்று அவளிடம் ஏற்கெனவே சிலர் எச்சரித்திருந்தார்கள்.

பொங்கல் முடிந்தது. முன்பக்கம், கழுத்து, ஒரு கை எல்லாம் ஆகிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு கை. அந்தச் சமயத்தில் ஆபீசில் உத்தரவு வந்தது: தன்பாத் போகிறவர்கள் உடல் தகுதிக்கு அவரவர் பிளாக் டிஸ்பென்சரி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். குஞ்சிதபாதத்துக்கு ஒரே குஷி. பெஞ்சுக்கு இன்னொரு நாள் கிடைத்ததே! இசக்கியம்மாள் பையோடு வந்தார். வழியில் டீக்கடையில் வழக்கம்போல அவன் வடை வாங்கித் தின்றான். அவர் பெஞ்சில் உட்கார, அவன் துணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"வாப்பா குஞ்சிதபாதம். இன்னைக்கு எந்த இடம்?" என்றார் டாக்டர்.

"இடம் ஒண்ணும் இல்லீங்க சார். பிட்னஸ் கையெழுத்து. தன்பாத் போறேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீயா? தலைவலி, வயித்துவலி, முதுகுவலி, முட்டிவலி. உன்னைப் பார்க்காம எனக்கு ஒரு வாரம் போனதில்லை. நாலு ஊசிக்கும் அடங்காத உடம்பை அந்தக் குளிர்ல கொண்டுபோய்ப் போடச் சொல்றியா? எனக்கு மனசாட்சி இருக்குப்பா. இந்தத் தடவை இரு. உடம்பைத் தேத்து. அடுத்த பேட்ச்ல போகலாம்."

அடுத்த பேட்ச் எப்போது என்று யாருக்கும் தெரியாது. குஞ்சிதபாதத்துக்கு நிஜமாகவே தலை வலித்தது. எனக்கு நோய் இருக்கிறது என்றால் வேலை நிரந்தரமாகாது. நோயே இல்லை, இத்தனை நாளும் உங்களை ஏமாற்றினேன் என்றால் உள்ள வேலையும் நிரந்தரமாகப் போய்விடும். ஸ்வெட்டருக்காக என்று சொன்னாலோ, டாக்டர் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார். நடவு வயல் கரையில் நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டு மார்பளவு சொன்ன தன் அம்மாவின் முகம் அவன் கண்ணில் வந்து நின்றது.

திரைக்கு அந்தப்பக்கம் ஊசிச் சத்தம் நின்றது.

வரிசை நடுவில் இசக்கியம்மாள் எழுந்ததாக அந்த டவுன்ஷிப்பில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு முறை மகளிர் மன்றத்தில் தேள் வந்தபோதுகூட, காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு வரிசையை முடித்தவர் அவர். அன்றைக்கு ஊசியில் பாதி வரிசை தொங்க, நீல உருண்டை பின்னால் உருண்டு வர, திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"டாக்டரய்யா, அவனுக்கு ஒரு நோவும் கிடையாது. நோவு எனக்கு."

"உங்களுக்கு என்னம்மா?"

"எனக்கு இந்தப் பெஞ்சில உக்காந்தாத்தான் இவன் ஸ்வெட்டருக்குக் கை ஓடும். அது இவனுக்குத் தெரியும். இவன் வலிக்குன்னு சொல்லுதது எல்லாம் அதுக்குத்தான்னு எனக்கும் தெரியும். வயித்துவலிக்காரன் எவனாவது வழிநெடுக வடை தின்னுக்கிட்டு வருவானா?"

டாக்டர் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். அவன் உதட்டோரத்தில் வடைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் போட்ட ஊசி?"

"வாங்கிக்கிட்டாங்க சார்" என்று யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான் குஞ்சிதபாதம்.

டாக்டர் சிரித்தாரா கோபித்தாரா என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. மீசைக்குள் ஏதோ நடந்தது. டிஸ்பென்சரியைச் சுற்றி அவனை ஓட விட்டார், குனிய விட்டார், நிமிர விட்டார், மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு நோயாளியைப் பார்த்து முடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"ரயிலேறுற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தலை காட்டினீங்கன்னா, போட்ட கையெழுத்தை நானே அடிச்சிடுவேன்."

குஞ்சிதபாதம் பிழைத்தான். ஸ்வெட்டரின் இடது கை முழங்கையோடு நின்றது.

அந்தக் கடைசி நாட்களில் இசக்கியம்மாள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நீலத்தை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து பார்த்தார், கண்ணி நழுவியது. வீட்டுப் பெஞ்சையே கூடத்தில் இழுத்துப் போட்டு, டெட்டால் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். இரண்டு வரிசை ஓடியது, பிறகு கை ஏமாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கணவரிடம் சண்டைக்குப் போனார்.

"ஊர்ல எல்லாருக்கும் இருமல் வருது. உங்களுக்கு ஒண்ணு வராதா? ஒரு பச்சப்புள்ள குளிர்ல போகுது, ஒரு தும்மலாவது போடக்கூடாதா?"

"எனக்கு வந்தாலும் அந்த டாக்டர் உன்னை உள்ளே விடமாட்டாருடி" என்றார் நல்லசாமி. அது அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது குரலிலேயே தெரிந்தது.

ஆகவே குஞ்சிதபாதம் ஒன்றரைக் கை ஸ்வெட்டரோடுதான் தன்பாத் போய் இறங்கினான். மற்ற டிரெய்னிகள் சுற்றி நின்று கேட்டார்கள். இது சுரங்க ஸ்வெட்டர், அளவு எடுக்கும்போது இடது கை தடையில்லாமல் இருப்பதற்காகத் தெற்கே இப்படித்தான் பின்னுவார்கள் என்று பி.எஸ்ஸி. குரலில் சொன்னான். இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவன் தன் ஸ்வெட்டரின் இடது கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான். குளிர் மட்டும் நம்பவில்லை. நேரே முழங்கைக்குக் கீழே வந்து கடித்தது.

கடித்தால் என்ன? வேனிலில் திரும்பி வந்தான், வேலை நிரந்தரமாயிற்று, சாமியம்மாள் அந்த ஒன்றரைக் கையைத் தெரு முழுக்கத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள். குவார்ட்டர்ஸில் கால் வைத்ததும் இசக்கியம்மாள் ஓடி வந்தார்.

"வந்துட்டியா தம்பி? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கேட்கிற கேள்விதான். ஆனால் இவ்வளவு ஆசையோடு இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குஞ்சிதபாதம் ஒரு கணம் யோசித்தான். ஒரு தடவை இருமிவிடலாமா என்றுகூட நினைத்தான். வெளியே வெயில் தகித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்லீங்கக்கா" என்றான், மனதைக் கல்லாக்கிக்கொண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு உல்லனும் தெரியாது, ஊசியும் தெரியாது. உங்களிடம் இருப்பதெல்லாம் பஸ்ஸில் மட்டும் படிக்கிற ஒரு புத்தகம், படுக்கையில் மட்டும் படிக்கிற ஒரு புத்தகம், ஆபீசில் ஓய்வாக இருக்கும்போது மட்டும் புரட்டுகிற இந்திப் பாடம், ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனால் வழியில் யோசித்துச் சொல்வதாக மச்சானுக்கு வாக்குக் கொடுத்த ஒரு கல்யாண விஷயம், அவ்வளவுதானே? எல்லாம் பாதியில்தான் கிடக்கிறது. இருக்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குப் போனதும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலேயே புளிசாதம் கட்டிக் கொடுத்து, குடையையும் கையில் திணித்து, "திண்டிவனம் போயி ரொம்ப நாளாச்சே, போயிட்டு வாங்களேன்" என்று உங்கள் மனைவி அத்தனை அன்பாக உங்களைப் பஸ் ஏற்றி அனுப்பினாரே, அது எதற்காக?